ஊட்டியில் விதி எழுதிய ஆட்டம்
பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சாம்பியன்களின் வரலாறு

பச்சைத் துணி விரித்த பெரிய மேஜை, மேலே தாழத் தொங்கும் விளக்கு, கையில் கோலும் வாயில் பைப்புமாக ஒரு வில்லன். தமிழ்ப் படங்கள் நமக்கு அறிமுகப்படுத்திய பில்லியர்ட்ஸ் இதுதான். அதனாலேயோ என்னவோ, நம் வீடுகளில் பிள்ளைகள் செஸ் ஆடினால் மெச்சுகிறோம், கேரம் ஆடினால் பொறுத்துக்கொள்கிறோம், பில்லியர்ட்ஸ் என்றால் மட்டும் "அங்கெல்லாம் போகாதே" என்கிறோம். பெங்களூரில் வாழும் தமிழர்கள் இப்படிச் சொல்வது கொஞ்சம் வேடிக்கை. ஸ்னூக்கர் என்னும் ஆட்டத்திற்கு விதிகள் எழுதப்பட்ட இடம் நீலகிரி மாவட்டத்து உதகமண்டலம். அந்த ஆட்டத்திலும் அதன் தாயான பில்லியர்ட்ஸிலும் உலகப் பட்டங்களை அள்ளிக்கொண்டு வந்த வீரர் வளர்ந்த இடம் நம் வசந்த்நகர். இரண்டுக்கும் இடையே சுமார் 300 கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க ஆட்டத்திற்கு நூற்றிருபது ஆண்டுகள் பிடித்தன. இடையில் லண்டன், கல்கத்தா, பம்பாய் என்று அது சுற்றிய ஊர்கள் பல.

மேஜையும் பந்தும்

வரலாற்றுக்குப் போகுமுன் மேஜையைப் பார்த்துவிடுவோம். தண்டவாளத்தோடு வாழ்ந்தவனுக்கு மட்டம் என்றால் ஓர் ஈர்ப்பு உண்டு. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

முழு அளவு மேஜையில் ஆடும் பரப்பு 11 அடி 8½ அங்குல நீளம், 5 அடி 10 அங்குல அகலம். துணிக்கு அடியில் இருப்பது மரப்பலகை அல்ல, ஸ்லேட் கல். ஐந்து கற்பலகைகளை ஒட்ட வைத்து, இணைப்பு கையில் தட்டுப்படாதபடி நிரவி, அதன்மேல் கம்பளித் துணியை இழுத்து அடிப்பார்கள். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல் போகும். லண்டனில் தர்ஸ்டன் என்ற கம்பெனி 1826 வாக்கில் ஸ்லேட் மேஜை செய்யத் தொடங்கியது. அதற்கு முன் இருந்தவை மரமேஜைகள். ஒரு மழைக்காலம் போதும், பலகை வளைந்துவிடும். ஓரங்களில் உள்ள குஷனுக்கு முதலில் துணியைத் திணித்துப் பார்த்தார்கள், பிறகு ரப்பர். பச்சை ரப்பர் குளிரில் இறுகிக் கல்லாகிவிடும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் 1840களில் வந்த பிறகே பந்து எந்தக் காலத்திலும் ஒரே மாதிரி திரும்பியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால், ஒரு நல்ல மேஜையின் மட்டம் எந்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தையும் வெட்கப்பட வைக்கும்.

பந்துகள் முதலில் யானைத் தந்தத்தில் கடையப்பட்டன. ஒரு தந்தத்தில் சில பந்துகளே தேறும். அதுவும் தந்தத்தின் நரம்புக் குழி பந்தின் நடுவே நேராக ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கனத்து உருளும். யானை அழிகிறதே என்ற கவலையைவிட, தந்தம் விலை ஏறுகிறதே என்ற கவலைதான் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாத் என்பவரை மாற்றுப் பொருள் தேட வைத்தது. 1870ஐ ஒட்டி அவர் கண்ட செல்லுலாய்டு, உலகின் முதல் பிளாஸ்டிக்குகளில் ஒன்று. நாம் பார்த்த சினிமா பிலிமும் அதே பொருளிலிருந்து வந்ததுதான். இன்றைய பந்து ரெசின் பிளாஸ்டிக், குறுக்களவு 52.5 மில்லிமீட்டர்.

பில்லியர்ட்ஸுக்கு மூன்றே பந்துகள். ஒரு சிவப்பு, ஆளுக்கொன்றாக இரண்டு. உங்கள் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் அது கேனன், 2 புள்ளி. சிவப்பைப் பைக்குள் தள்ளினாலும், சிவப்பில் பட்டு உங்கள் பந்தே பைக்குள் விழுந்தாலும் 3 புள்ளி. எதிராளியின் பந்து என்றால் 2. ஸ்னூக்கருக்கு 15 சிவப்பு, 6 வண்ணப் பந்துகள், அடிக்க ஒரு வெள்ளை. சிவப்புக்கு 1. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் ஒரு வண்ணம் போட வேண்டும்; விழுந்த வண்ணப் பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைப்பார்கள். சிவப்பெல்லாம் தீர்ந்த பிறகு வண்ணங்களை வரிசையாகப் போட வேண்டும். 15 சிவப்புக்கும் கறுப்பையே எடுத்தால் 15 x 8 = 120; கடைசி ஆறு வண்ணங்களுக்கு 27; ஆக 147. பேரன் பேத்திகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது.

இன்னொரு பாடமும் இருக்கிறது. கேரம் நன்றாக ஆடும் பிள்ளை பில்லியர்ட்ஸ் மேஜைக்கு வந்தால் முதல் நாள் திகைத்துப் போகும். கேரம் காய் வழுக்கிச் செல்வது. ஒரே எடையுள்ள இரண்டு காய்களில் ஒன்று மற்றொன்றின் மேல் பக்கவாட்டில் மோதினால், இரண்டும் ஏறக்குறைய செங்கோணத்தில் பிரியும். பந்தோ உருண்டு வருகிறது. மோதிய பிறகும் அந்த உருளல் மிச்சம் இருப்பதால், பந்து முதலில் செங்கோணத்தில் விலகி, பிறகு முன்பக்கமாக வளையும். எதிர்ப் பந்தின் பாதியை மட்டும் மறைக்கும்படி அடித்தால் அந்தப் பந்து 30 டிகிரியில் ஓடும். நம் பந்து தன் பழைய பாதையிலிருந்து சுமார் 34 டிகிரி விலகும். பில்லியர்ட்ஸ்காரர்கள் இந்த அரைப்பந்து அடியை ஆயிரக்கணக்கான முறை பழகுவார்கள். காரணம், அதில் கொஞ்சம் பிசகினாலும் கோணம் அதிகம் மாறாது. ஆரம்பக்காரரின் கைப்பிழையை இயற்கையே மன்னிக்கும் இடம் அது ஒன்றுதான்.

ஜபல்பூரிலிருந்து ஊட்டிக்கு

1875ஆம் ஆண்டு மழைக்காலம். ஜபல்பூரில் டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் மெஸ். வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்த இளம் அதிகாரிகள் மேஜையில் பந்தயம் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நெவில் சேம்பர்லின், வயது 19. (பின்னாளில் ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்த பிரதமர் வேறு, இவர் வேறு.) சிவப்புப் பந்துகளோடு வண்ணப் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஆட்டத்துக்குப் பெயர் வந்த கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தில் உல்விச் ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்பார்களாம். நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் புதுப் பையனுக்குப் பட்டப்பெயர் வைப்பது போல. மெஸ்ஸுக்கு வந்த ஓர் இளம் அதிகாரி இதைச் சொல்லிவைக்க, எளிதான பந்தைத் தவறவிட்ட ஒருவரைச் சேம்பர்லின் "நீ சரியான ஸ்னூக்கர்" என்றார். பிறகு அவர் மனம் நோகாமலிருக்க, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான் என்று சமாதானம் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

சேம்பர்லின் ஆப்கன் போரில் காயம்பட்டு, 1881இல் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸிடம் உதவி அதிகாரியாக வந்தார். சென்னை வெயிலுக்குப் பயந்து ராணுவத் தலைமை கோடைக்கு ஊட்டி ஏறுவது வழக்கம். அங்கே ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்னூக்கர் பிரபலமானது. ஆளுக்கொரு விதமாக ஆடிச் சண்டை வந்ததாலோ என்னவோ, 1882இல் விதிகளை ஒழுங்காக எழுதி அந்த அறைச் சுவரில் ஒட்டினார்கள். ஆட்டத்தின் முதல் சட்டப் புத்தகம் அந்தத் தாள்தான்.

அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் என்று சொல்லப்படுபவர் ஜான் ராபர்ட்ஸ் ஜூனியர். அன்றைய பில்லியர்ட்ஸ் உலகின் முடிசூடா மன்னர். 1885இல் கல்கத்தா வந்திருந்தபோது, கூச் பெஹார் மகாராஜா கொடுத்த விருந்தில் சேம்பர்லினைச் சந்தித்து, விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிற்காலத்தில் ஸ்னூக்கர் உல்விச்சில்தான் பிறந்தது என்று ஒரு சாரார் வாதாடினார்கள். 82 வயதான சேம்பர்லின் 1938இல் 'தி ஃபீல்ட்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, தன் பிள்ளைக்குத் தானே தகப்பன் என்று நிலைநாட்ட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்ஸி அன்றைய சாட்சிகளைத் திரட்டி அவர் பக்கம் கட்டுரை எழுதினார். வழக்கு முடிந்தது. 1944இல் அவர் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொருவர் உண்டு. எந்த வரலாற்றிலும் பெயர் இல்லாதவர். அவர் மார்க்கர். துணியைத் துலக்கி, பந்தைத் துடைத்து, புள்ளி எண்ணி, உறுப்பினருக்கு ஆள் கிடைக்காதபோது எதிரே நின்று ஆடுபவர். ஊட்டியிலும், 1868இல் தொடங்கிய பெங்களூர் கிளப்பிலும், ரயில்வே இன்ஸ்டிட்யூட்களிலும் இந்த வேலை செய்தவர்கள் நம்மவர்கள். நான் உத்தியோகத்தில் பார்த்த மார்க்கர்களில் பாதிப்பேர் தமிழ் பேசியவர்கள்தான். துரைக்குத் தோற்றுக்கொடுக்கத் தெரிந்திருப்பதும் அந்த வேலையின் ஒரு தகுதி என்று ஒரு பெரியவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. (பெங்களூர் கிளப்பின் பழைய கணக்கேட்டில், வராக்கடன் பட்டியலில் வின்ஸ்டன் சர்ச்சில் பெயரில் 13 ரூபாய் நிற்கிறது. அது எந்தக் கணக்கில் ஏறிய 13 ரூபாயோ!) அந்தக் கால அமெச்சூர் இலக்கணப்படி, ஆட்டத்தால் கூலி பெறுகிறவர் அமெச்சூர் அல்லர். ஆகவே மேஜையோடு அதிக நேரம் வாழ்ந்தவருக்குக் கோப்பைக்கு ஆட இடமில்லை.

காசுக்கு ஆடியவர்கள்

இங்கிலாந்தில் காசுக்கு ஆடுவது கௌரவக் குறைவாக இருக்கவில்லை. 1870 பிப்ரவரியில் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில், வேல்ஸ் இளவரசர் முன்னிலையில், வில்லியம் குக் என்ற இளைஞர் ஜான் ராபர்ட்ஸ் சீனியரைத் தோற்கடித்தார். தொழில்முறை பில்லியர்ட்ஸின் உலகப் பட்டம் அன்றிலிருந்து எண்ணப்படுகிறது. தோற்றவரின் மகன்தான் நாம் மேலே கண்ட ஜூனியர்.

பிறகு நடந்தது விசித்திரம். பில்லியர்ட்ஸ் வீரர்கள் அளவுக்கு மீறித் திறமைசாலிகளாகிவிட்டார்கள். 1907இல் டாம் ரீஸ் என்பவர் இரண்டு பந்துகளையும் மூலைப் பையின் வாயில் அணைத்து நிறுத்தி, அசையாமல் கேனன் மேல் கேனனாகப் போட்டுக்கொண்டே போனார். ஜூன் தொடங்கி ஜூலை வரை, நாள்தோறும் வந்து விட்ட இடத்திலிருந்து ஆடி, 4,99,135 புள்ளிகள். முழு நேரமும் பார்வையாளர்கள் இல்லை என்பதால் அதை அதிகாரபூர்வச் சாதனையாக ஏற்கவில்லை. ஐந்து வாரம் ஒரே அடியை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? அந்த அடிக்குத் தடை போட்டார்கள். அடுத்து வந்தார் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம். 1932இல் லண்டனில் ஜோ டேவிஸுக்கு எதிராக ஒரே மூச்சில் 4,137. ஏறக்குறைய மூன்று மணி நேரம் டேவிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்கும் ஒரு விதி கொண்டுவந்தார்கள், இத்தனை புள்ளிக்கு ஒரு முறை பந்து மேஜையின் மறுகோடிக்குப் போய்வர வேண்டும் என்று. பயனில்லை. ஒருவர் ஆட, மற்றவர் பார்க்க, டிக்கெட் வாங்கியவர் கொட்டாவி விட, ஆட்டம் ஜனங்களிடமிருந்து நழுவியது. 1933இல் பட்டத்தை வாங்கிய லிண்ட்ரம், 1950 வரை அதைத் தம்மிடமே வைத்திருந்தார். திறமை கூடக்கூட ஆட்டம் செத்துப்போன கதை விளையாட்டு உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே ஜோ டேவிஸ், அவர் காற்று திரும்புவதைச் சில வருஷங்கள் முன்பே மோப்பம் பிடித்திருந்தார். ஊட்டி ஆட்டம் வேகமானது, ஒரு ஃபிரேம் அரைமணியில் முடியும், வண்ணம் வேறு. அவர் முயற்சியால் ஸ்னூக்கரின் முதல் உலகத் தொழில்முறைப் போட்டி நடந்து, 1927 மே மாதம் பர்மிங்ஹாமில் இறுதியாட்டம். டாம் டென்னிஸை 20-11 என்று வென்றார். பரிசு 6 பவுண்டு 10 ஷில்லிங். வீரர்கள் கட்டிய நுழைவுக் கட்டணத்தில் பாதியை எடுத்துத்தான் கோப்பையே வாங்கினார்கள். 1946 வரை நடந்த 15 போட்டிகளிலும் டேவிஸே வென்று, தோற்காமலேயே விலகினார். அவர் போனதும் இந்த ஆட்டமும் படுத்தது. 1957க்குப் பிறகு 1964 வரை உலகப் போட்டியே இல்லை.

காப்பாற்றியது கலர் டெலிவிஷன். பி.பி.சி.க்கு, கலரின் அருமையைக் காட்ட, செலவில்லாத ஒரு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. 1969இல் 'பாட் பிளாக்' என்ற பெயரில் ஸ்னூக்கரைக் காட்டினார்கள். 1977 முதல் உலகப் போட்டி ஷெஃபீல்டு நகரின் குரூசிபிள் நாடக அரங்கில். 1985 இறுதியில் ஸ்டீவ் டேவிஸும் டென்னிஸ் டெய்லரும் 17-17 என்று சமமாகி, கடைசி ஃபிரேமின் கடைசிக் கறுப்புப் பந்தில் டெய்லர் ஜெயித்தபோது பிரிட்டனில் நள்ளிரவு தாண்டிவிட்டது. பார்த்தவர்கள் 1 கோடியே 85 லட்சம் பேர். பிறகு 1990களில் ஸ்டீபன் ஹெண்ட்ரி ஏழு பட்டம். 2001 முதல் 2022 வரை ரானி ஓ'சல்லிவனும் ஏழு. 2025இல் சீனாவின் ஜாவ் சின்டாங், ஆசியாவிலிருந்து வந்த முதல் உலகச் சாம்பியன். அவர் பெற்ற பரிசு 5 லட்சம் பவுண்டு.

ஊட்டியில் விதி எழுதிய ஆட்டத்தின் தொழில்முறை உலகப் பட்டம் ஆசியாவுக்கு வர 143 வருஷம் ஆயிற்று. அதுவும் நமக்கு இல்லை, சீனாவுக்கு. இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

கல்கத்தா, 1958

ஆனால் இங்கிலாந்து கைவிட்ட பில்லியர்ட்ஸை இந்திய கிளப்புகள் கைவிடவில்லை. மேஜைகள் இருந்தன, ஓய்வு இருந்தது, அவசரம் இல்லை. அதன் பலன் 1958இல் தெரிந்தது. பூனாவில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். சுதந்திர இந்தியாவில், எந்த விளையாட்டிலும், தனிநபர் உலகப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். 1964இல் நியூசிலாந்தில் மீண்டும் வென்றார். தேசியப் பட்டம் 12 முறை. இந்தப் பெயரை நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிசயம்.

1973இல் பம்பாயில் நடந்த போட்டியில் பட்டம் இலங்கைக்குப் போனது, வென்றவர் எம்.ஜே.எம். லாபிர். அந்நாட்டின் முதல் உலகச் சாம்பியன். பிறகு மைக்கேல் ஃபெரேரா: 1977, 1981, 1983. அவர் கோபக்காரர். 1981இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது, கிரிக்கெட்டில் கவாஸ்கருக்குப் பத்மபூஷண், உலகச் சாம்பியனான எனக்கு ஒரு படி குறைவா என்று மறுத்துவிட்டார். 1983இல் பத்மபூஷண் வந்தது, ஏற்றுக்கொண்டார். அவர் கேட்டது நியாயம் என்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது. 1984இல் டப்ளினில் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம் பெற்றார்.

அகமதாபாத்தில் வளர்ந்த கீத் சேத்திதான் அமெச்சூர் என்ற வேலியைத் தாண்டிக் குதித்தவர். 1985, 1987 அமெச்சூர் பட்டங்களுக்குப் பின் தொழில்முறை உலகப் பட்டத்தை 1992, 1993, 1995, 1998, 2006 என்று ஐந்து முறை வென்றார். 1992இல் அவர் எடுத்த 1,276 புள்ளி பிரேக், தொழில்முறை உலகப் போட்டியில் அரை நூற்றாண்டாகக் காணாத அளவு. பின்னாளில் நம் ஊர் பிரகாஷ் படுகோனேயுடன் சேர்ந்து, ஒலிம்பிக் வீரர்களுக்கு உதவும் அமைப்பைத் தொடங்கியவரும் இவரே.

மில்லர்ஸ் டேங்க் பண்டு ரோடு

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்துபோகும் தூரத்தில், வசந்த்நகரில் இருக்கிறது கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கம். பெங்களூரின் பெருமை கிளப்புகளில் தொடங்கியிருக்கலாம். வளர்ந்தது இந்தச் சங்கத்தில். கிளப் உறுப்பினரின் மகனாகப் பிறக்காத பையனும் சந்தா கட்டி, நல்ல மேஜையில் ஆடலாம் என்று ஆனது பெரிய மாற்றம். 1990இல் உலக பில்லியர்ட்ஸ் போட்டி இந்த நகரிலேயே நடந்து, கல்கத்தாவின் மனோஜ் கோத்தாரி வென்றார். (அவர் மகன் சௌரவ் 2018இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உலகப் பட்டம் பெற்றார், அப்பனும் பிள்ளையும் உலகச் சாம்பியன்.)

அதே 1990இல் குவைத்தில் போர். அங்கிருந்து வந்து பெங்களூரில் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அத்வானி குடும்பம். பிழைக்க வந்த ஊரில் புதிதாகத் தொடங்குவது எப்படி என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளைய மகன் பங்கஜ் பத்து வயதில் அண்ணன் ஸ்ரீயின் பின்னால் போய் கோலைப் பிடித்தான். பயிற்சி கொடுத்தவர் பெங்களூர்க்காரரான முன்னாள் தேசிய ஸ்னூக்கர் சாம்பியன் அரவிந்த் சவூர். 2003இல், 18 வயதில், சீனாவில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம். 2005இல் மால்டாவில் பில்லியர்ட்ஸில் நேரக் கணக்கு, புள்ளிக் கணக்கு என்ற இரண்டு பட்டங்களும் ஒரே ஆண்டில். 2008இல் பெங்களூரில், சொந்த ஜனங்கள் முன்னால், மறுபடியும் இரண்டும். 2006 தோஹாவிலும் 2010 குவாங்ஜோவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம். குவாங்ஜோவில் இந்தியாவின் முதல் தங்கமே அவருடையதுதான். 2009இல் லீட்ஸில், இங்கிலாந்தின் மைக் ரஸ்ஸலை 2030-1253 என்று தோற்கடித்துத் தொழில்முறை பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம். சேத்திக்குப் பின் அதைத் தொட்ட இரண்டாவது இந்தியர். 2024 நவம்பரில் தோஹாவில் வென்றது, சர்வதேச அமைப்பின் கணக்கில் அவருடைய 28ஆவது உலகப் பட்டம்.

இவ்வளவு வென்றவர் ஏன் ஷெஃபீல்டில் இல்லை? பலரும் கேட்கும் கேள்வி. அவர் போய்ப் பார்த்தார். 2012இல் இங்கிலாந்தின் தொழில்முறை ஸ்னூக்கர் சுற்றில் சேர்ந்து, 2013 வெல்ஷ் ஓபனில் கால் இறுதிக்கு வந்தார். தரவரிசைப் போட்டியில் அந்த அளவு போன முதல் இந்தியர். ஆனால் அந்தச் சுற்று, ஆண்டின் பெரும்பகுதியை அங்கேயே கழிக்கச் சொல்கிறது. பில்லியர்ட்ஸை மறக்கச் சொல்கிறது. 2014இல் அவர் திரும்பிவிட்டார். அதே ஆண்டு லீட்ஸில் பில்லியர்ட்ஸ் இரட்டைப் பட்டம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் தொழில்முறை என்றால் பரிசுப் பணம்தான் சாப்பாடு. தோற்றால் பெட்ரோல் செலவும் கையிலிருந்து. இந்தியாவில் வீரர்களைத் தாங்கியவை பொதுத்துறை நிறுவனங்கள். பங்கஜ் ஓ.என்.ஜி.சி. ஊழியர். மாதச் சம்பளம் உண்டு, ஆட விடுப்பு உண்டு. இதை மெத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மேஜையில் எட்டு மணி நேரம் பழக வேண்டியவனுக்கு முதலில் வீட்டு வாடகைக் கவலை தீர வேண்டும். ரயில்வே அணியில் எத்தனை பேர் அந்தச் சம்பளத்தின் தெம்பில் நாட்டுக்கு ஆடினார்கள் என்று நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் உலகத் தரவரிசைப் பந்தயத்துக்கு அந்த ஏற்பாடு போதாது என்பதும் உண்மை. 2013இல் டில்லியில் முதல் இந்தியன் ஓபன் நடந்தபோது மும்பையின் ஆதித்ய மேத்தா இறுதி வரை வந்து, சீனாவின் டிங் ஜுன்ஹுவியிடம் 5-0 என்று தோற்றார். பிறகு மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம், கொச்சி என்று நடந்த அந்தப் போட்டி 2019க்குப் பின் நடக்கவில்லை. சீனாவோ சிறுவர்களை அப்படியே ஷெஃபீல்டுக்கு அனுப்பி, அங்கேயே தங்கவைத்துப் பழக்கியது.

பெண்கள் கோல் எடுத்தது

பெங்களூரின் பெண் வீரர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். சித்ரா மகிமைராஜ் ஹாக்கி ஆடியவர். முழங்கால் காயத்தால் ஓட முடியாமல் போனதும் இந்த மேஜைக்கு வந்து, 2006, 2007 ஆண்டுகளில் மகளிர் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் பெற்றார். உமாதேவி நாகராஜ் கர்நாடக அரசு ஊழியர். முப்பதை ஒட்டிய வயதில், அலுவலக கிளப்பில் டேபிள் டென்னிஸ் ஆடக் காத்திருந்த நேரத்தில் பக்கத்து மேஜையில் கோல் எடுத்துப் பார்த்தவர். 2012இல் உலக பில்லியர்ட்ஸ் சாம்பியன். அந்த வயதில் நம் வீட்டுப் பெண்கள் "இனிமேல் என்ன" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

வித்யா பிள்ளை, இவரும் பெங்களூர்வாசி. 2017இல் சிங்கப்பூரில் நடந்த மகளிர் உலக ஸ்னூக்கர் இறுதியில் ஹாங்காங்கின் இங் ஆன்-யீ என்ற பெருவீராங்கனையை எதிர்த்து 5-5 வரை கொண்டுவந்து, கடைசி ஃபிரேமில் பட்டத்தை நழுவவிட்டார். ஆண்களின் தொழில்முறை ஆட்டத்துக்கு இருக்கும் பணமும் டெலிவிஷனும் பெண்கள் ஆட்டத்துக்கு இன்றும் இல்லை. ஒரு ஃபிரேம் தூரத்தில் போன பட்டத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதியதும் சில வரிகளே.

2025 நவம்பரில் தோஹாவில் சர்வதேச அமைப்பின் உலக மகளிர் ஸ்னூக்கர் இறுதிப் போட்டி. மேஜையின் ஒரு பக்கம் அதே இங் ஆன்-யீ. எதிரே சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன், வயது 23. இதுவும் கடைசி ஃபிரேம் வரை, 2-2 என்று இழுத்தது. இம்முறை 3-2 என்று வென்றவர் சென்னைப் பெண்.

விடுமுறைக்கு ஊட்டி போகிற அன்பர்கள் அந்த பில்லியர்ட்ஸ் அறையைப் பார்க்க ஆசைப்படலாம். கிளப் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது. தெரிந்த உறுப்பினர் யாராவது உடன் வந்தால்தான் வழி பிறக்கும். வசந்த்நகர் சங்கத்திற்கு அந்தத் தொல்லை இல்லை. மாநிலப் போட்டிகள் நடக்கும் நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். உள்ளே போகுமுன் அவர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: ஆடுகிறவர் கோலைக் குனிந்து பிடித்துவிட்டால், அவர் பார்வை போகும் கோட்டில் அசையக் கூடாது, பேசக் கூடாது.